வண்டியா, சாலையா, உடம்பா: வேலைக்குப் போகும் சைக்கிளில் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

சென்னை மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி, குருநானக் கல்லூரி வழியாகக் கிண்டி தொழிற்பேட்டை போய்ச் சேர நான் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். சிக்னல்களில் நிற்பதையும் சேர்த்தால் நாற்பது நிமிடம் ஆகும். முதலில் 28 அங்குல நாட்டுச் சைக்கிள், இப்போது கியர் வைத்த ஹைபிரிட் என இரண்டு வண்டிகளில் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த ஏழு ஆண்டுகளில் பழுது பார்ப்பதற்குச் செலவழித்த பணத்தில் பாதிக்கு மேல், கோளாறு ஓரிடத்தில் இருக்க வேறோர் இடத்தைக் கழற்றியதால் வீணானது. சீட்டைச் சற்று உயர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும் முழங்கால் வலிக்காகப் பல்சக்கரத்தை மாற்றினேன். கடற்காற்று செய்த வேலைக்காகப் பின் சக்கரத்துப் பால்ரஸ் குண்டுகளை மாற்றினேன். அதனால்தான் இந்த வழிமுறையைப் பாகங்களின் வரிசையில் எழுதாமல், காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் கண்ணிலும் காதிலும் உடம்பிலும் முதலில் எது படுகிறதோ அந்த அறிகுறிகளின் வரிசையில் எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் இரண்டு கட்டுப்பாடுகளைக் கைவிடக் கூடாது. காசு செலவாகாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். மூன்று பாகங்களை ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகிவிடலாம். ஆனால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமல் போவதால், ஆறு மாதம் கழித்து அதே கோளாறு வரும்போது மறுபடியும் மூன்றுக்கும் செலவழிக்க நேரும்.

வண்டி கனக்கிறது, வழக்கமான வேகத்துக்கே அதிகமாக மிதிக்க வேண்டியிருக்கிறது

முதலில் கேட்க வேண்டியது, எப்போது கனக்கிறது என்பதுதான். போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி கனத்தால் காரணம் வண்டியில் இருக்கும். காலையில் இலகுவாகப் போன வண்டி மாலையில் மட்டும் கனத்தால், எதையும் கழற்றுவதற்கு முன் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பார்க்க வேண்டும். சென்னையில் கோடை நாட்களில் பெரும்பாலும் நண்பகலையொட்டிக் கடற்காற்று நிலத்துக்குள் வரத் தொடங்கி, மாலை வரை கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். கிண்டியிலிருந்து தெற்கு நோக்கித் திரும்பும் எனக்கு, வேளச்சேரியைத் தாண்டியதும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பக்கத்திலிருந்து அந்தக் காற்று முகத்தில் அறையும். காற்றின் எதிர்ப்பு அதனோடு நாம் மோதும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவர் மேல் 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், அவர் மோதும் வேகம் 30 ஆகி, எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. இதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. கியரை ஒரு படி இறக்கி, முழங்கைகளைச் சற்று மடக்கிக் குனிந்து, பத்து நிமிடம் கூடுதலாக ஆகும் என்று ஒப்புக்கொள்வதே வழி.

காற்றுதான் காரணம் என்று உறுதியாகாவிட்டால், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அல்லது ஒருவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, இரண்டு சக்கரங்களையும் தனித்தனியே கையால் சுழற்றிவிட வேண்டும். நன்றாக உள்ள முன்சக்கரம் நெடுநேரம் சுற்றி, நிற்கும்போது வால்வின் கனத்தால் முன்னும் பின்னும் ஊசலாடித்தான் ஓயும். இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றுவிட்டால் எங்கோ பிடிக்கிறது என்று பொருள். பிரேக் கட்டை ரிம்மில் ஒரே இடத்தில் உரசினால் ரிம் கோணியிருக்கிறது, அதாவது பெண்டு எடுக்க வேண்டும். சுற்று முழுவதும் உரசினால் பிரேக் கட்டை நடுவில் நிற்கவில்லை. உரசல் ஏதுமின்றிச் சக்கரம் மந்தமாக நின்றால், அச்சில் பால்ரஸ் குண்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் கோன் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறது. ஓவராயிலுக்கு விட்டு வாங்கிய மறுநாளே வண்டி கனத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். என் நாட்டுச் சைக்கிளுக்கு ஒருமுறை இப்படி நடந்தது. எப்போதும் விடும் கடை அன்று பூட்டியிருந்ததால் வேறொரு கடையில் விட்டிருந்தேன். புது கிரீஸ் போட்டால் முதலில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று அங்கே சொன்னார்கள். கிரீஸ் அவ்வளவு இறுகாது. அதை நம்பி மூன்று வாரம் ஓட்டியதில் கோனில் பள்ளம் விழுந்துவிட்டது.

எதிலும் குறை தெரியாவிட்டால், மிச்சமிருப்பது டயர் காற்றும் செயினும். அனுபவத்தில் பத்துக்கு ஏழு முறை டயரில் காற்று குறைந்ததுதான் காரணமாக இருந்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது ஏமாற்றும் சோதனை. தடித்த டயர் பாதிக் காற்றிலும் கல் போல இருக்கும். டயரின் பக்கவாட்டில் எத்தனை பவுண்டு என்று அச்சிட்டிருப்பார்கள். 28 அங்குல நாட்டுச் சைக்கிளுக்கு 40 முதல் 50 பவுண்டு, ஹைபிரிட்டின் 35 மில்லிமீட்டர் டயருக்கு 50 முதல் 75 வரை என்பது பொதுவான அளவு. ஓட்டுபவர் கனமாக இருந்தாலோ, கேரியரில் சுமை இருந்தாலோ பின் டயருக்கு மேல் அளவை நோக்கிப் போகலாம். அளவுமானி வைத்த தரைப் பம்பு வாங்கியதுதான் இந்த வண்டிக்காக நான் செய்த செலவுகளில் உருப்படியானது.

இரவு நன்றாக இருந்த டயர் காலையில் தட்டையாகிவிட்டது

ஓடும்போது இறங்காமல் நிறுத்தி வைத்திருக்கும்போது இறங்குகிறதென்றால், ஓட்டை மிகச் சிறியது, அல்லது வால்வில் கசிவு. உடனே டயரைக் கழற்ற வேண்டாம். காற்றை நன்றாக அடித்துவிட்டு, வால்வு வாயில் ஒரு விரல் எச்சில் தொட்டு வைக்க வேண்டும். நாகரிகமாகத் தோன்றாவிட்டால் சோப்புத் தண்ணீர் வைக்கலாம். சில நொடிகளில் குமிழி உப்பினால் கோளாறு வால்வில். நாட்டுச் சைக்கிளில் இது பெரும்பாலும் வால்டியூப், அதாவது வால்வின் உள்கட்டை மேல் மாட்டியிருக்கும் அந்த மெல்லிய ரப்பர் குழாய். வெயிலில் நிற்கும் வண்டிகளில் அது பிசுபிசுத்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது வெடிக்கும். ஓரிரு அங்குலம் வாங்கிப் பையில் போட்டு வைத்தால் ஓராண்டுக்குப் போதும். மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வானால் உள்ளே இருக்கும் ஊசியைக் கால் திருப்பு இறுக்கினாலே நின்றுவிடலாம்.

குமிழி வராவிட்டால் டியூபை வெளியே எடுக்க வேண்டியதுதான். எடுப்பதற்கு முன் ஒரு சிறு முன்னேற்பாடு பிறகு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்: டயரில் வால்வுக்கு நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டதும், வால்விலிருந்து அது எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று அளந்து, டயரில் அந்தக் கோட்டிலிருந்து அதே தூரத்தில் இரண்டு பக்கமும் தேடினால், குத்தியது அங்கே இருக்கும். ஓட்டையை அடைத்துவிட்டு, குத்தியதை டயரிலேயே விட்டுவிடுவதால்தான் பலருக்கு அடுத்தடுத்த நாட்களில் ஒரே இடத்தில் பஞ்சராகிறது.

குத்துவது ஆணியாக இருந்தால் நல்லது, கண்ணுக்குத் தெரியும். நம் சாலைகளில் அதைவிடப் பொல்லாதது, லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதிலிருந்து பிரியும் தலைமுடி போன்ற எஃகுக் கம்பி. வேளச்சேரி விஜயநகர் பக்கம் மரத்தடியில் பிளாஸ்டிக் தொட்டியோடு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒருநாள் இதைக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது முறையாக அதே பின் டயரோடு நான் வந்து நின்றபோது, அவர் டயரின் உட்புறத்தை விரலால் தடவவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, டயரின் உள்ளே வைத்து மெல்ல ஒரு சுற்று இழுத்து வந்தார். ஓரிடத்தில் பஞ்சின் ஓர் இழை பின்தங்கி நின்றது. அங்கே டயரை வெளிப்பக்கமாக வளைத்து, நகவெட்டியின் நுனியால் பிடுங்கி, எள் நீளம் கூட இல்லாத கம்பியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “விரல வெச்சா விரலக் குத்தும் சார், பஞ்ச வெச்சா அதுவே மாட்டிக்கும்” என்றார். அன்றிலிருந்து என் பையிலும் பஞ்சு இருக்கிறது.

ஓட்டை எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வெளிப்புறத்தில் ஒற்றைத் துளையானால் சாலையில் கிடந்தது ஏதோ குத்தியிருக்கிறது. பாம்பு கடித்தாற்போல் அருகருகே இரண்டு சிறு கீறல்கள் இருந்தால் எதுவுமே குத்தவில்லை. காற்று குறைந்த டயரோடு பள்ளத்திலோ வேகத்தடையிலோ வேகமாக ஏறியதால், டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. இதற்குப் புது டயர் வாங்குவது வீண்; வாரம் ஒருமுறை காற்று அடித்தால் போதும். டியூபின் உட்புறத்தில், அதாவது ரிம்மைப் பார்க்கும் பக்கத்தில் துளை இருந்தால், ரிம் டேப் நகர்ந்து போக்ஸ் கம்பியின் முனை குத்துகிறது. கம்பி முனையை அரத்தால் ராவிவிட்டு டேப்பை மாற்ற வேண்டும்.

ஒட்டிய ஒட்டு மறுநாளே பெயர்ந்தால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அதன் ஈரப் பளபளப்பு மறையும் வரை சில நிமிடம் காத்திருந்த பிறகே ஒட்டை வைக்க வேண்டும். எட்டே முக்காலுக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவருக்கு அந்த நிமிடங்கள் பெரியவை என்பது எனக்குத் தெரியும். அதனால் வழியில் ஒட்டுவதை நான் விட்டுவிட்டேன். மாற்று டியூபைப் போட்டுக்கொண்டு போய், பழையதை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிதானமாக ஒட்டுகிறேன்.

மிதிக்கும்போது ‘டக்’ என்று ஒலி வருகிறது

ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முயல வேண்டாம். சைக்கிளின் குழாய்ச் சட்டம் ஒலியைக் கடத்துவதால், பெடலில் பிறந்த ஒலி சீட்டுக்கு அடியிலிருந்து வருவது போலத் தோன்றும். எண்ணிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

பெடல் ஒருமுறை சுற்றும்போது ஒருமுறை ஒலித்தால், கோளாறு பெடல், அது மாட்டியிருக்கும் கிராங்க், அதன் நடு அச்சு இவற்றில் ஒன்றில் இருக்கிறது. ஓடும்போதே ஓரிடத்தில் மிதிப்பதை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒலியும் நின்றால் சந்தேகம் உறுதியாகிறது. பிறகு இடக்காலால் மட்டும், வலக்காலால் மட்டும் அழுத்தி மிதித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்பது தெரியும். நாட்டுச் சைக்கிளானால் பத்தில் எட்டுக்கு, கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி நட்டை இறுக்கினால் சில நாள் தாங்கும்; தேய்ந்த பின்னை மாற்றுவதே தீர்வு. தளர்ந்த பின்னோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கிராங்கும் அச்சும் தேய்ந்து, சில ரூபாயில் முடிய வேண்டிய வேலை சில நூறுக்குப் போய்விடும். பெடலைக் கழற்ற நேர்ந்தால் இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது என்பதை மறக்கக் கூடாது. வழக்கமான திசையில் முழு பலத்தோடு திருப்பித் திருப்பி அதை மேலும் இறுக்கியவர்களில் நானும் ஒருவன்.

மிதிக்காமல் உருளும்போதும் ஒலி தொடர்ந்து, வேகம் கூடக் கூட அதுவும் விரைந்தால் சக்கரத்தில் கோளாறு. போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அமுக்கிக்கொண்டே ஒரு சுற்று வந்தால், தளர்ந்த கம்பி தானாகத் தெரிந்துவிடும். நாட்டுச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள் இருப்பதால் ஒன்று அறுந்தாலும் வீடு வந்து சேரலாம். ஆனால் அறுந்த கம்பியோடு ஒரு வாரம் ஓட்டினால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகள் மேல் ஏறி, அவையும் ஒவ்வொன்றாக அறும்.

இந்த இரண்டு கணக்கிலும் அகப்படாமல், இரண்டரை மிதிக்கு ஒருமுறை ஒலி வந்தால் செயினைப் பார்க்க வேண்டும். செயினில் 112 கண்ணிகளும் முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் இருந்தால், செயின் முழுச்சுற்று வர இரண்டரை மிதிக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே அந்த இடைவெளியில் கேட்கும் ஒலி, இறுகிப்போன ஒரே ஒரு கண்ணி பல்லின் மேல் ஏறி இறங்குவதால் வருவது. செயினைக் கையால் பின்னோக்கிச் சுற்றிக் கவனித்தால், அந்தக் கண்ணி மடங்க மறுத்து முண்டிக்கொண்டு வருவதைக் காணலாம். எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் இரண்டு பக்கமும் மெல்ல வளைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

செயின் கழன்று விழுகிறது, அல்லது அழுத்தி மிதித்தால் வழுக்குகிறது

கழன்று விழுவது தொய்வால். கியரில்லாத வண்டியில் செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆடினால் சரி. அதற்கு மேல் போனால் பின் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை இறுக்க வேண்டும். கியர் வண்டியானால், செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டீரெயிலியரின் எல்லைத் திருகைத் தொட வேண்டியிருக்கும், அது தனிக்கதை.

வழுக்குவது தேய்மானத்தால். எஃகு அளவுகோலைச் செயின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் 24 கண்ணிகள் தாண்டி வரும் ஆணியின் நடு மிகச்சரியாக 12 அங்குலத்தில் விழும். அது 1/16 அங்குலம் தள்ளி விழுந்தால் செயினை மாற்றும் வேளை வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளிவிட்டால் பின் சக்கரத்திலுள்ள ஃபிரீவீலின் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய பல்லில் உட்காராமல், முன்னைவிட மோசமாக வழுக்கும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது குளிரில் உறையும், புழுதியைப் பிடித்து மைபோல் அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, வெளிப்புறத்தைத் துணியால் வழித்துவிட வேண்டும். வெளியே மினுக்கும் எண்ணெய் மண்ணைச் சேர்ப்பதற்கு மட்டுமே உதவும்.

பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கவில்லை, அல்லது கத்துகிறது

மழையில் மட்டும் இப்படி ஆகிறதென்றால், ரிம் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். குரோமியம் பூசிய எஃகு ரிம் நனைந்ததும் பிரேக் கட்டையின் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். அலுமினிய ரிம்மும் நனைந்தால் மந்தமாகும் என்றாலும் அந்த அளவுக்கு இல்லை. எஃகு ரிம் வண்டியோடு வடகிழக்குப் பருவமழையில் வேலைக்குப் போகிறவர், நிற்க வேண்டிய இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே பிரேக்கை இலேசாகப் பிடித்து, ரிம்மின் ஈரம் வழிந்த பிறகே அழுத்தப் பழக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது எனக்கு அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது.

காய்ந்த நாளிலும் நிற்கவில்லையென்றால் பிரேக் கட்டையின் முகம் கண்ணாடி போல மினுமினுக்கிறதா என்று பார்த்து, மினுமினுத்தால் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எண்ணெய் பட்ட கட்டையைத் தேய்த்துப் பயனில்லை. கட்டை நன்றாக இருந்து, பிடி கைப்பிடிவரை வந்துவிட்டால், கம்பி நீண்டிருக்கிறது. கத்துவதற்குக் காரணம் கட்டை முழுவதும் ஒரே நேரத்தில் ரிம்மில் படுவதாக இருக்கலாம். கட்டையின் முன்முனை முதலில் பட்டு, பின்முனை ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும்படி வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

வண்டியில் எந்தக் குறையும் இல்லாமலேயே நிற்காமல் போவதும் உண்டு. முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய் என்று சிறுவயதில் சொல்லி வளர்த்ததால், நம்மில் பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறோம். பிரேக் பிடித்ததும் உடம்பின் எடை முன்னுக்குச் சாய்ந்து பின் சக்கரம் இலேசாகிவிடுவதால், அது வழுக்குமே தவிர வண்டியை நிறுத்தாது. ஆளில்லாத தெருவில், இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்தி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்திப் பழக ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். மணல் மேலும் திருப்பத்திலும் மட்டும் முன் பிரேக்கை அழுத்தக் கூடாது.

முழங்கால் வலிக்கிறது, கை மரத்துப் போகிறது

முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் கொண்ட நாட்டுச் சைக்கிள், பெடல் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். எட்டுக் கிலோமீட்டருக்குச் சற்றேறக் குறைய 1,500 முறை, திரும்பி வருவதையும் சேர்த்தால் 3,000 முறை முழங்கால் மடங்கி நிமிர்கிறது. அதனால் சீட்டின் உயரத்தில் இருக்கும் ஒரு சென்டிமீட்டர் பிழையையும் முழங்கால் மன்னிப்பதில்லை. சிக்னலில் இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காகச் சீட்டைத் தாழ்த்தி வைப்பதுதான் நம்மிடையே பரவலான தவறு. முழங்காலின் முன்பக்கம், சிப்பியைச் சுற்றி வலித்தால் சீட்டு தாழ்வு. பின்பக்க மடிப்பில் வலித்தால் சீட்டு உயரம், அல்லது பெடலுக்குக் கால் எட்டாமல் நீட்ட வேண்டியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளும்படி சீட்டை வைக்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். ஒரே நாளில் மூன்று சென்டிமீட்டர் உயர்த்தாமல், அரை சென்டிமீட்டராக, இரண்டு நாளுக்கு ஒருமுறை உயர்த்துவது நல்லது.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போவது, உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஓடும் நரம்பு ஹேண்டில் பாரில் அழுந்துவதால். புதுக் கைப்பிடி உறை வாங்குவதற்கு முன் சீட்டின் மூக்கு தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு தாழ்ந்த சீட்டில் உடம்பு முன்னே வழுக்கி, அதன் எடையைக் கைகள் தாங்குகின்றன. மாறாக மூக்கு உயர்ந்திருந்தால் மரத்துப் போவது வேறு இடமாக இருக்கும். இரண்டுக்கும் சீட்டைச் சமமட்டமாக வைப்பதே தொடக்கம். எல்லாம் சரிசெய்து இரண்டு வாரம் கழித்தும் வலி தொடர்ந்தால் அது மெக்கானிக்கிடம் அல்ல, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய கோளாறு.

அலுவலகம் சேரும்போது சட்டை நனைந்துவிடுகிறது

முதுகில் பை மாட்டியிருந்தால் அதைக் கழற்றிக் கேரியரில் கட்டுவதோடு பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி கடைசி ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. வண்டி நின்றபின்தான் வியர்வை பெருகும். ஓடும்போது பட்ட காற்று நின்றுவிட, உடம்புச் சூடு மட்டும் மிஞ்சியிருப்பதே காரணம். ஆகவே கடைசி ஒரு கிலோமீட்டரை நடப்பது போல மெதுவாக ஓட்டி, வந்ததும் முகம் கழுவ ஓடாமல், மின்விசிறியின் கீழே பத்து நிமிடம் நின்ற பிறகு துண்டால் துடைத்துச் சட்டை மாற்ற வேண்டும். மே மாதத்தில் இதுவும் போதாது. அந்த மாதத்தில் நான் ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறேன். சுரிதார் அணிந்து ஓட்டுகிற சக ஊழியர்களிடம் நான் மறவாமல் சொல்வது துப்பட்டாவைப் பற்றி. அதை வீட்டிலிருந்தே மடித்துப் பையில் வைத்துவிட வேண்டும். பின் சக்கரத்தில் சிக்கினால் அது கழுத்தை இழுக்கும்.

பின்னால் வருகிறவர்கள் விடாமல் ஒலி எழுப்புகிறார்கள். பேருந்து இடப்பக்கம் நெருக்குகிறது

இது வண்டிக் கோளாறு அல்ல என்றாலும் வேலைக்குப் போகும் சைக்கிளின் முதன்மையான கோளாறு இதுதான். சாலையின் விளிம்பை ஒட்டியே போனால் பாதுகாப்பு என்று நினைப்போம். அங்கேதான் மணலும், உடைந்த மழைநீர் வடிகால் மூடிகளும், திடீரெனக் கதவு திறக்கும் கார்களும் இருக்கின்றன. அவற்றைத் தவிர்க்க நாம் சட்டென வலப்பக்கம் வளைவதைத்தான் பின்னால் வருகிறவர் எதிர்பார்ப்பதில்லை. விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டு, வளையாமல் நேர்கோட்டில் போனால் ஒலிப்பான் சத்தம் குறைவதில்லை. ஆனால் உரசல் குறையும். நின்றிருக்கும் கார்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம் விட்டே போக வேண்டும்.

மாநகரப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஒதுங்கும்போது அதற்கும் நடைபாதைக்கும் இடையே உள்ள இடைவெளியில் நுழையவே கூடாது. அந்த இடைவெளி நம் கண்ணெதிரே மூடிக்கொள்ளும், ஓட்டுநருக்கு நாம் தெரிய மாட்டோம், படிக்கட்டிலிருந்து இறங்குகிறவர்களும் அங்கேதான் கால் வைப்பார்கள். பேருந்துக்குப் பின்னால் நின்று அரை நிமிடம் புகையைக் குடிப்பது மேல். இருட்டிய பிறகு பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் ஓட்டுகிறவர், தனக்குச் சாலை தெரிகிறது என்பதால் தானும் மற்றவர்களுக்குத் தெரிகிறோம் என்று எண்ணிக்கொள்கிறார்.

தேங்கிய நீரில் ஓட்டிய பிறகு கரகரக்கிறது

அச்சு வரை நீரில் மூழ்கியிருந்தால் கிரீஸில் தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்திருக்கும். சேற்று மணலும் உள்ளே போயிருக்கும். இரண்டு சக்கரத்தின் அச்சையும் நடு அச்சையும் பிரித்துக் கழுவிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். டிசம்பர் முடியட்டும் என்று தள்ளிப் போட்டால் மாற்ற வேண்டிய சாமான்களின் பட்டியல் நீளும். வழியில் வரும் கைவேலிப் பக்கம் முழங்கால் வரை நீர் நின்ற நாட்களில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறேன். திறந்து கிடக்கும் வடிகால் எங்கே என்று சக்கரத்துக்குத் தெரியாது, முன்னே நடந்து போகிறவரின் தடம் பார்த்துப் போகலாம்.

நிறுத்த இடமில்லை என்கிறார்கள்

எங்கள் வளாகத்தில் முதல் ஓராண்டு முழுவதும் வாயிற்காவலர் என் சைக்கிளை உள்ளே விடவில்லை; இருசக்கர வாகன நிறுத்தம் என்றால் பதிவெண் உள்ள வண்டிக்குத்தான் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வெளியே விளக்குக் கம்பத்தில் பூட்டிவிட்டுப் போனதில் ஒருமுறை சீட்டும் ஒருமுறை முன்சக்கரமும் போயின. வாய்ப்பேச்சால் ஆகாத காரியம் காகிதத்தால் ஆயிற்று. ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் இரண்டு சைக்கிள் நிற்கும் என்று படம் வரைந்து, சைக்கிளில் வரும் கேன்டீன் ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், அச்சுக்கூடத்துத் தொழிலாளர்கள் எனப் பதினொரு பேர் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்குக் கொடுத்தோம். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கூரையில்லாத ஓர் இடம் கிடைத்தது. பூட்டும்போது சங்கிலியைச் சக்கரத்தோடு மட்டும் சுற்றாமல், சட்டத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பியில் பூட்ட வேண்டும். எங்களுக்குக் கூரை இல்லாததால், சீட்டை மூட ஜவுளிக் கடைப் பை ஒன்று எப்போதும் கேரியரில் செருகியிருக்கும்.